ஊசிக்குப் பயந்து வலியை மறைக்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது வயிற்று வலியை எங்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டான். கேட்டால், "சொன்னா ஊசி போடுவாங்க" என்கிறான். இப்போது எங்கள் தெருவில் டெங்கு. ஆபத்தான அறிகுறிகளை அவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பயந்துவிட மாட்டானா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: மறைத்ததற்கான காரணத்தை அவனே சொல்லிவிட்டான் சகோதரி. "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்ற மிரட்டலை வீட்டில் பாட்டி உட்பட எல்லோரும் இன்றோடு நிறுத்துங்கள். ஊசி வலிக்கவே வலிக்காது என்ற பொய்யும் வேண்டாம். வலிக்கிறது என்று வந்து நின்றால், "கண்டதைத் தின்னாதேன்னு சொன்னேன்ல" என்று ஆரம்பிக்காதீர்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டான்.

டெங்குவில் பெரியவர்களே ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "விட்டுடுச்சு, ஸ்கூலுக்கு அனுப்பலாம்" என்று நாம் நிம்மதியாகிற அந்த நேரத்தில்தான் சிலருக்கு ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியத் தொடங்குகிறது. காய்ச்சல் விட்ட அடுத்த 24 முதல் 48 மணி நேரம் பிள்ளையின் வாய்ச்சொல் மிக முக்கியம்.

அவனுக்கு நோயின் பெயரெல்லாம் வேண்டாம். கடுமையான வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்து நிற்க முடியாத சோர்வு, இதில் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள். அப்புறம், கழிப்பறை விஷயம். எட்டு வயதுப் பிள்ளை தனியாகப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுகிறது. மலம் கறுப்பாகப் போனதும், காலையிலிருந்து சிறுநீரே போகாததும் அவன் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். இதைப் பேசக் கூச்சப்படாத வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். "எத்தனை தடவை ஒன்னுக்குப் போனே?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பழக்குங்கள். பள்ளியில் என்றால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லட்டும். அவர் கவனிக்காவிட்டால் இன்னொரு ஆசிரியரிடம் சொல்லலாம், அது தப்பே இல்லை என்றும் சொல்லிவையுங்கள்.

பயப்படுவானா? உடம்பு நன்றாக இருக்கும் நாளில், பேச்சோடு பேச்சாகச் சொன்னால் பயம் வராது. சொல்வது மட்டும்தான் அவன் வேலை, மற்றதை அம்மா அப்பா பார்த்துக்கொள்வோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவன் சொன்ன பிறகு நீங்கள் தாமதிக்கக் கூடாது. கை கால் சில்லென்று இருந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக் கசிவை அதிகமாக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.