பிரவுசர் கேம் செய்கிற பிள்ளைகளுக்கு: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

திருகோணமலையில் சின்னச் சின்ன பிரவுசர் கேம் செய்கிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். லிங்க் அனுப்பியவர்களின் கேம்களை விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். விளையாடினவர்கள் சொல்வதை வைத்து என்ன செய்வது என்றுதான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, டச்பேயில் வலை வீசி மீன் பிடிக்கிற கேம் ஒன்று செய்தேன். ரியூசன் பெடியள் எல்லாரும் "மீன் கெதியா ஓடுது, குறை" என்றார்கள். குறைத்தேன். இப்ப "போரடிக்குது" என்கிறார்கள். எதைக் கேட்பது?

இரண்டு தரமும் அவர்கள் உணர்ந்ததைத்தான் சொன்னார்கள், தம்பி. எங்கேயோ கஷ்டம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே நம்புங்கள். ஏன் கஷ்டம், எதை மாற்றவேண்டும் என்று அவர் சொல்வது மட்டும் ஊகம். அதைக் கண்டுபிடிக்கவேண்டியது கேம் செய்தவர்.

உங்கள் கேமை என் அக்காவின் மகனிடம் போனில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் இருந்தேன். வலை வீசும் பட்டன் வலப்பக்கம் கீழே இருக்கிறது. மீன் வருவதும் வலப்பக்கத்தால்தான். பட்டனில் வைத்த பெருவிரல் மீன் தலைகாட்டுகிற இடத்தை மறைத்துவிடுகிறது. அவன் விரலைத் தூக்கிப் பார்க்கிறான், மீனைக் கண்டதும் திரும்ப அழுத்துகிறான், அதற்குள் மீன் தாண்டிவிடுகிறது. கேட்டால் அவனும் "சரியான ஸ்பீட்" என்றுதான் சொன்னான். மீனை இடப்பக்கத்தால் வரவிடுங்கள். வேகத்தைப் பழையபடியே வையுங்கள்.

இனி யாரிடம் கொடுத்தாலும் இப்படிப் பக்கத்தில் இருந்து பாருங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், "அங்கே அழுத்து" என்று வாய் உன்னினாலும் அடக்கிக்கொள்ளுங்கள். லிங்கைத் திறக்கிறவர் வீட்டில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

உப்புவெளியிலிருந்து: "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள். வேறு எப்படிக் கேட்பது?

அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். முகத்துக்கு நேரே யாரும் நல்லா இல்லை என்று சொல்லமாட்டார்கள். "தொடங்கினதும் என்ன செய்யவேண்டும் என்று நினைத்தீர்கள்?", "எந்த இடத்தில் நிப்பாட்ட நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்காமலே இரண்டாம் தரம் ஆடினார்களா என்பதையும் குறித்துவையுங்கள். எந்தப் புகழ்ச்சியையும்விட நான் அதைத்தான் நம்புவேன்.

உயர்தர மாணவி ஒருவர்: தமிழ்ச் சொல் கண்டுபிடிக்கிற கேம் செய்தேன். "கட்டம் கூடிப்போச்சு" என்றும், "சரியான விடையை அடித்தாலும் பிழை என்று காட்டுது" என்றும் சொல்கிறார்கள். எனக்கு அடித்தால் சரியாகத்தான் வருகிறது.

இந்தத் தொகுதியில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரண்டு முறைப்பாடும் நூற்றுக்கு நூறு சரி.

முதலாவது: திருகோணமலை என்பதை நாம் தி, ரு, கோ, ண, ம, லை என்று 6 எழுத்தாக எண்ணுவோம். பிரவுசர் கேம் எழுதுகிற மொழியான ஜாவாஸ்கிரிப்டில் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 10 என்று சொல்லும், ஏனென்றால் கணினி எழுத்துகளைச் சேமிக்கிற முறையான யூனிகோடில் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறிகள். அதனால்தான் உங்கள் கேம் 10 கட்டம் போடுகிறது. ஜாவாஸ்கிரிப்டிலேயே சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்க செக்மென்டர் (Intl.Segmenter) என்று ஒன்று இருக்கிறது. இப்போதைய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வேலைசெய்யும். அதால் பிரித்தால் 6 கட்டம் வரும்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. கோ என்ற எழுத்தில் வருகிற குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். உங்கள் கீபோர்ட் ஒரு விதமாகவும் ஆடுகிறவரின் கீபோர்ட் மற்ற விதமாகவும் அனுப்பினால் விடை பிழையாகிவிடும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் நார்மலைஸ் செய்யுங்கள், அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள், இது சரியாகிவிடும். ஔகாரம் மட்டும் அதிலும் தப்பிவிடும். கௌதாரி என்று அடிக்கவேண்டியதை நிறையப் பேர் கெ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பார்கள். ஔகாரம் வருகிற சொற்களுக்கு அந்த வடிவத்தையும் நீங்களே பட்டியலில் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். அடித்தவருக்கு விடை தெரிந்திருக்கிறது. கீபோர்டுக்காக அவரைத் தோற்கடிக்கக்கூடாது.

கிண்ணியாவிலிருந்து: என் போனில் மான் ஒழுங்காகப் பாய்கிறது. நண்பனின் புதுப் போனில் பறக்கிறது. அவன் "ஆடவே ஏலாது" என்கிறான்.

அவனுடைய திரை நொடிக்கு 120 தரம் புதுப்பிக்கிறதாக இருக்கும். உங்களுடையது 60. ஒரு பிரேமுக்கு, அதாவது திரை ஒரு தரம் புதுப்பிக்கிறதுக்கு, 3 பிக்சல் என்று எழுதியிருந்தால் உங்கள் மான் நொடிக்கு 180 பிக்சல் போகும், அவனுடையது 360. கடந்த பிரேமிலிருந்து எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று எடுத்து, அதால் வேகத்தைப் பெருக்குங்கள். "வேகம் கூட", "வேகம் காணாது" என்று எதிரும் புதிருமாக வந்தால் முதலில் எந்தப் போன் என்று கேளுங்கள்.

இன்னொருவர்: சத்தம் வரவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

ஆடுகிறவர் திரையைத் தொடுமுன் சத்தம் போட குரோம் 2018 முதல் விடுவதில்லை, மற்ற பிரவுசர்களும் அப்படித்தான். தொடங்கு பட்டனை அழுத்தியதும் ஒலியைத் தொடங்குங்கள்.

முதல் கேமைப் போட்டேன். ஒருவர் "குப்பை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். அடுத்ததைச் செய்ய மனமே வரவில்லை, அக்கா.

தங்கச்சி, அந்தச் சொல்லில் உங்களுக்குப் பயன்படுவதாக ஒன்றுமே இல்லை. எந்த லெவல், எந்தப் பட்டன் என்று ஏதாவது இருந்தால் எடுத்திருக்கலாம். விரும்பினால் "எந்த இடத்தில் விட்டீர்கள்?" என்று ஒரு தரம் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் கேமில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒவ்வொரு சுரத்தில் ஒலிக்கிறதை நான் கேட்டேன். அருமையான யோசனை. அடுத்ததைச் செய்யுங்கள். முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள்.

ஆடுகிறவர்கள் கடை வை, லெவல் கூட்டு, ஸ்கோர் பட்டியல் போடு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் செய்யவா?

வேண்டாம். 2014-இல் கேப்ரியேலே சிருல்லி 2048 என்ற எண் சேர்க்கிற கேமை ஒரு வார இறுதியில் செய்தார். நான்கு திசை, ஒரு பலகை, அவ்வளவுதான். ஜோஷ் வார்டிலின் சொல் ஊகிக்கிற கேமான வேர்டில் நாளுக்கு ஒரே ஒரு சொல்தான் தந்தது. கேட்டதைச் செய்வதைவிட, கேட்காமலே ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. விடையைச் சொல்லாமல் தங்கள் முடிவை மட்டும் காட்ட, நியூசிலாந்தில் சிலர் வண்ணச் சதுர எமோஜிகளைக் கையால் அடுக்கிப் பகிர்ந்தார்கள். அதைக் கவனித்த வார்டில், 2021 கடைசியில் அதையே பட்டனாக்கினார். பிறகு அந்தச் சதுரங்கள் உலகம் முழுக்கப் போயின. உங்கள் ஆட்கள் ஸ்கோரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்களா? அப்படியென்றால் பகிர்கிற பட்டன் வையுங்கள். ஒருவரும் போடாவிட்டால் ஸ்கோர் பட்டியலைப் பிறகு பார்க்கலாம்.

மூதூரிலிருந்து: லிங்கைத் திறக்கிறார்கள், தொடங்காமலே போய்விடுகிறார்கள். ஒன்றும் சொல்வதும் இல்லை.

போனில் டேட்டாவில் திறந்து பார்த்தேன். நீலத் திரையே நெடுநேரம் நின்றது. பின்னணிக் கடல் படம் 4000 பிக்சல் அகலம். போன் திரைக்கு அதில் கால்வாசியே தாராளம். படத்தைச் சுருக்கி, குறைந்த அளவில் சேமிக்கிற வெப்பி (WebP) வடிவில் போடுங்கள். முதல் திரைக்கு வேண்டியதை மட்டும் முதலில் இறக்குங்கள். பாட்டு கடைசியில் வரட்டும், அது வந்து சேராவிட்டாலும் கேம் தொடங்கவேண்டும்.