உடல் பருத்தால் கொழுப்புக் கலங்களின் வேலையும் மாறுமா?

மாறும். கேள்வியில் "கலம் பெருக்கிறது மட்டும்தானே, இதில் என்ன கெடுதல்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெருப்பது தொடக்கம்தான். ஒரு அளவுக்கு மேல் அந்தக் கலத்தால் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. வருத்தங்கள் வருவது அதனால்தான்.

அதன் வேலை என்ன? சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் கொழுப்பை உள்ளே எடுத்துப் பூட்டி வைப்பது, பட்டினி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது. இன்சுலின் ஏறினால் பூட்டும், இறங்கினால் திறக்கும். இது தவிர அது ஓமோனும் சுரக்கிறது. 1994 இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மனின் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. உடலில் எவ்வளவு கொழுப்பு இருப்பில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். அடிப்போனெக்டின் என்று இன்னொன்று, இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய உதவுகிறது.

சரி, அந்தக் கலம் அளவுக்கு மீறிப் பெருத்தால்? இரத்தக் குழாயிலிருந்து ஒட்சிசன் இழையத்துக்குள் பரவிச் செல்லக்கூடிய தூரம் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர்தான். நன்றாகப் பெருத்த கொழுப்புக் கலத்தின் குறுக்களவே அதைத் தாண்டிவிடும். மூச்சு முட்டும் கலங்கள் அபாயச் சமிக்ஞை விடுகின்றன, சில செத்தும் போகின்றன. செத்ததை அப்புறப்படுத்த வெண்குழிய வகையைச் சேர்ந்த மக்ரோபேஜ்கள் வந்து அதைச் சுற்றி வளையமாக நிற்பதை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். மெலிந்தவரின் கொழுப்பு இழையத்தில் இவை ஒரு சிறு பங்குதான். பருத்தவரில் அங்குள்ள கலங்களில் 40 சதவீதம் வரைகூட இவையாக இருக்கலாம். இவை விடும் டி.என்.எஃப். அல்பா போன்ற புரதங்கள் பக்கத்திலுள்ள நல்ல கலங்களையும் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் செய்கின்றன. காய்ச்சலும் இல்லை, நோவும் இல்லை, ஆனால் வருடக்கணக்காக ஓயாத ஓர் அழற்சி.

இன்சுலின் "பூட்டு" என்று சொன்னாலும் கலம் கொழுப்பை விட்டுக்கொண்டே இருக்கும். அடிப்போனெக்டின் குறையும். லெப்டின் கூடும், ஆனால் மூளை அதற்குச் செவிகொடுப்பதை விட்டுவிடும். அதனால் லெப்டினை மருந்தாகக் கொடுத்தும் சாதாரணப் பருமனுக்குப் பெரிதாகப் பலன் கிடைக்கவில்லை. "பசி ஓமோன் மாத்திரை" என்று முகநூலில் விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

வெளியேறிய கொழுப்பு ஈரலுக்கும் தசைக்கும் போய்ச் சேர்கிறது. ஈரல் அதை ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பாகக் கட்டித் திரும்பவும் இரத்தத்துக்கு அனுப்புகிறது. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். 12 மணித்தியாலம் சாப்பிடாமல் வந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தில் வேகமாகச் சுற்றி எடுத்தால், மேலே நிற்கும் நீர்ப்பகுதியான சீரம் இளமஞ்சளாய்த் தெளிவாக இருக்க வேண்டும். சிலருடையது பால் கலந்ததுபோலக் கலங்கி நிற்கும், குழாய்க்குப் பின்னால் பிடித்த எழுத்தைக்கூட வாசிக்க முடியாது. பூட்டி வைக்க இடமில்லாமல் அலையும் கொழுப்பு அது.

ஆகவே கொழுப்புக் கலத்தை எதிரியாக நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிறப்பிலேயே கொழுப்பு இழையம் அநேகமாக இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பார்க்க எலும்பும் தோலுமாக இருப்பார்கள், ஆனால் கடுமையான நீரிழிவும் கொழுப்பு ஈரலும் வரும். மறுபக்கம், 2007 இல் அமெரிக்காவில் பிலிப் ஷெரரின் குழு அடிப்போனெக்டின் அதிகம் சுரக்கும்படி மாற்றிய எலிகள் பயங்கரமாகப் பருத்தன, ஆனால் இரத்தச் சீனி நன்றாகவே இருந்தது. நல்ல கலங்கள் புதிதாக உண்டாகிக் கொழுப்பைப் பிடித்து வைத்துக்கொண்டதுதான் காரணம்.

எங்கள் ஆட்களின் பிரச்சினையும் இதுதான். "நான் குண்டில்லையே தம்பி, எனக்கேன் சீனி வருத்தம்?" என்று றிப்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் அன்ரிமார் எத்தனையோ பேர். கையும் காலும் மெல்லிசு, வயிறு மட்டும் முன்னுக்கு. தெற்காசியர்களுக்குத் தோலுக்குக் கீழே சேமிக்கும் கொள்ளளவு குறைவு, சீக்கிரமே நிரம்பி வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேரத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் ஆசியர்களுக்கு, உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 25 வரை பொறுத்திருக்காமல் 23 இலேயே கவனிக்கச் சொல்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிள் மிதித்தது. இப்போது சந்திக்கடைக்குப் போகவும் ஸ்கூட்டிதான், திரும்பும்போது கையில் மிதிவெடி என்ற ஒரு பெரிய றோல்ஸும். பிறகு யாரைக் குறை சொல்வது?

மெலிந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். பாதி ஆகும். 2008 இல் ஸ்ரொக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில், அணுகுண்டுப் பரிசோதனைகளால் காற்றில் கலந்த காபன்-14 ஐ வைத்துக் கொழுப்புக் கலங்களின் வயதைக் கணித்தார்கள். வளர்ந்தவர்களில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதக் கலங்கள் செத்துப் புதியவை வருகின்றன. மெலிந்தாலும் எண்ணிக்கை குறைவதில்லை, கலம்தான் சுருங்குகிறது. 2024 இல் சூரிச்சில் நடந்த ஆய்வில், சத்திரசிகிச்சை செய்து நன்றாக மெலிந்தவர்களின் கொழுப்பு இழையத்திலும் பருத்திருந்த காலத்தில் மரபணுக்கள் இயங்கும் விதத்தில் வந்த மாற்றங்கள் சில அப்படியே இருந்தன. அப்படியான பழைய தடயத்தோடு மெலிந்த எலிகள், கொழுப்புச் சாப்பாடு கொடுத்ததும் மற்றவற்றைவிட வேகமாகப் பருத்தன. மெலிந்தவர் திரும்பவும் உடம்பு போட்டால் "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று சொல்பவர்கள் இதை வாசிக்க வேண்டும்.

ஆனால் ஈரலில் ஏறியது சீக்கிரம் இறங்கும். பிரித்தானியாவில் நடந்த டிரெக்ட் ஆய்வில், 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்த இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களில் 86 சதவீதமானோரின் சீனி ஒரு வருடத்தில் மருந்தில்லாமலே கட்டுக்குள் வந்தது. அவர்கள் எல்லோரும் வருத்தம் பிடித்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்கள். ஆகவே இடுப்பளவு கூடியிருந்தால் இந்த மாதமே சீனியையும் ட்ரைகிளிசரைட்டையும் ஒருக்கால் பார்த்துவிடுங்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும். காலையில் பால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து "அது சாப்பாடில்லைத்தானே" என்று எங்களோடு வாதாட வேண்டாம்.