சலுகை மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

சில ஆண்டுகளாகப் பல நாட்டுப் படங்களைத் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு வருகிறேன். சமீபத்தில் செனகல் நாட்டுப் படமான ‘மந்தாபி’ பார்த்தேன். உண்மையில் எனக்கு அது ஐந்து மதிப்பெண் படம்தான். ஆனால் 1968இல், விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன ஓர் ஏழை நாட்டில் எடுத்தது என்பதால் ஏழு கொடுத்தேன். ஈரானியப் படங்களில் பெண்கள் வீட்டுக்குள்ளும் முக்காடு போட்டிருப்பது செயற்கையாக இருக்கிறது, அதற்குக் குறைத்துக்கொள்கிறேன். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் படங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்க்க முடிகிறது. ஒரு நாட்டின் பண்பாடு தெரியாதவனுக்கு அந்த நாட்டுப் படத்தை மதிப்பிடத் தகுதி உண்டா? சிறந்த படங்களின் பட்டியல்களை நம்பலாமா? சப்டைட்டிலோடு பார்ப்பதா, டப்பிங்கில் பார்ப்பதா?

கே.

அன்புள்ள கே.,

தேடித் தேடிப் பார்க்கும் ஒருவரின் கடிதம் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும். உங்கள் கடிதமும் தந்தது, அந்த இரண்டு மதிப்பெண் வரைக்கும். அதைப் படித்ததும் கோபம் வந்தது. வேறு பல கடிதங்கள் காத்திருக்க, இதற்கு முதலில் பதில் எழுதுவது அதனால்தான்.

பட்டியல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கிறது. 1952இல் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ முதலிடம். 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’. 2012இல் ‘வெர்டிகோ’. 2022இல் பெல்ஜிய இயக்குநர் ஷந்தால் அகெர்மான் 1975இல் எடுத்த ‘ஜான் டீல்மான்’. வாக்களிப்பவர்கள் மாறினால் முதலிடமும் மாறும். பட்டியலிலிருந்து படங்களின் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள், வரிசை எண்ணை விட்டுவிடுங்கள்.

ஒன்றரை மடங்கு வேகம் பற்றி ஒன்றுதான் சொல்வேன். அப்படிப் பார்த்த படத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள், நீங்கள் அதைப் பார்க்கவில்லை. ‘ஜான் டீல்மான்’ 201 நிமிடப் படம். ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், படுக்கையை மடிக்கிறாள். முதல் நாள் அந்த வேலைகளின் நிதானம் நம் உடம்பில் ஏறியிருந்தால்தான், இரண்டாம் நாள் கிழங்கு குழைந்துபோகும்போது வயிற்றில் ஒரு கலக்கம் வரும். வேகத்தைக் கூட்டினால் கிழங்கு தெரியும், கலக்கம் வராது.

இனி அந்த இரண்டு மதிப்பெண்.

பல வருடங்களுக்கு முன்பு நான் போய்க்கொண்டிருந்த ஃபிலிம் சொசைட்டியில் படங்களைத் தேர்வு செய்பவர் ஒரு பெரியவர். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ‘பிடித்ததா’ என்று கேட்க மாட்டார். ‘எந்த இடத்தில் எழுந்து போகத் தோன்றியது, ஏன்?’ என்று கேட்பார். உஸ்மான் செம்பேன் இயக்கிய ‘மந்தாபி’ திரையிட்ட இரவில் ஒருவர் எழுந்து, ‘இவ்வளவு கஷ்டத்திலும் இந்த மக்கள் ஒரு படம் எடுத்திருக்கிறார்களே, அதற்கே பாராட்ட வேண்டும்’ என்றார். அரங்கில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். பெரியவர் முகம் சிவந்துவிட்டது. ‘செம்பேன் உங்களிடம் பிச்சை கேட்டாரா? படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள், இல்லை உட்காருங்கள்’ என்றார். கைதட்டியவர்கள் சிலர் மறுவாரம் வரவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கோ அந்த இரவில்தான் விமர்சனம் என்றால் என்ன என்று விளங்கத் தொடங்கியது.

உஸ்மான் செம்பேன் யார் என்று தேடிப் பார்த்தீர்களா? 1923இல் பிறந்தவர். மார்செய் துறைமுகத்தில் சுமை இறக்கிய தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். 1956இல் முதல் நாவல். பிரெஞ்சில் எழுதிய நாவல்கள் தன் மக்களில் பெரும்பாலோரை எட்டவில்லை என்று உணர்ந்ததும், நாற்பது வயதை நெருங்கும் நேரத்தில் மாஸ்கோவுக்குப் போய் சினிமா படித்தார். சினிமாவை மக்களுக்கான இரவுப் பள்ளி என்று சொன்ன மனிதர். 1934இல் பிரான்ஸ் போட்ட லாவல் ஆணை, அதன் ஆப்பிரிக்கக் காலனிகளில் அனுமதி இல்லாமல் யாரும் படம் எடுக்க முடியாதபடி செய்திருந்தது. ஆப்பிரிக்க இயக்குநர் பாலின் வியெராவும் நண்பர்களும் 1955இல் தங்கள் படத்தைச் செனகலில் எடுக்க முடியாமல் பாரிஸில் எடுத்தார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு, ‘அப்படியானால் சலுகை நியாயம்தானே’ என்பீர்கள். இல்லை. இந்த வரலாறு செம்பேனை நோக்கி நம்மை நிமிர்ந்து உட்காரச் சொல்கிறது. ஓட்டப்பந்தயத்தில் சின்னப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பதுபோல அவருக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? வேலையில்லாத இப்ராஹிமா தியெங், இரண்டு மனைவிகள், ஏழு பிள்ளைகள். பாரிஸில் தெருக்கூட்டும் சகோதரி மகனிடமிருந்து 25,000 ஃபிராங்குக்கு மணியார்டர் வருகிறது. அதில் இவருக்கு 2,000 மட்டும்தான். இவர் வீடு திரும்புவதற்குள் மனைவிகள் அந்த மணியார்டரைக் காட்டிக் கடனுக்குச் சாமான் வாங்கிச் சமைத்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் இவருக்கே செய்தி தெரிகிறது! தபால் அலுவலகம் அடையாள அட்டை கேட்கிறது. அட்டைக்குப் பிறப்புச் சான்று, பிறகு புகைப்படம். ஒவ்வொரு மேஜைக்கு முன்னாலும் அந்த அகன்ற நீள அங்கியைத் தோளில் சரிசெய்தபடியே அவர் நிற்பதைக் கவனித்தீர்களா? வீட்டில் அதட்டல், அலுவலகத்தில் கூழைக்கும்பிடு, இரண்டும் ஒரே உடம்பில். படத்தின் தொடக்கத்தில் திறந்தவெளியில் நாவிதர் அவருக்கு முகம் மழித்து, மூக்கு முடியைக்கூட எடுத்துவிடும் நெருக்கக் காட்சியை நினைத்துப் பாருங்கள். தன் உடம்பை அவ்வளவு பேணுகிற ஒருவர், ஒரு காகிதம் இல்லாததால் யாருமே இல்லாதவராக ஆகிறார். இதற்கு ஏழ்மை பற்றிய பரிவு எதுவும் தேவையில்லை. அரசாங்க மேஜைக்கு முன் நின்ற எவருக்கும் இது புரியும்.

உங்களுக்கு ஏன் ஐந்து? அதை நீங்கள் எழுதவே இல்லை. நடிப்பு தட்டையாகப் பட்டதா? காட்சிகளின் வெட்டு முரட்டுத்தனமாக இருந்ததா? சொல்லுங்கள், சண்டை போடலாம். எனக்கும் இந்தப் படத்தோடு ஒரு சண்டை உண்டு. உறவினன் ஒருவன் பணத்தை ஏமாற்றி எடுத்துக்கொண்ட பிறகு, தபால்காரர் வந்து ‘நாம் மாற்றுவோம்’ என்று பேசும் முடிவு. அதுவரை தியெங்கின் நடையும் கையும் சொன்னதை அந்த இடம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. இரவுப் பள்ளி வாத்தியார் கலைஞனின் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்த தருணம் அது. என் கணக்கில் அது குறைதான், செனகலாக இருந்தாலும் ஸ்வீடனாக இருந்தாலும் குறைதான். அதைக் குறையென்று சொல்லும்போதுதான் செம்பேனை நான் ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். உங்கள் இரண்டு மதிப்பெண் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

அந்தச் சலுகைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஏழை நாட்டிலிருந்து வருகிற படத்தில் ஏழ்மையை மட்டுமே தேட வைக்கும் அது. அதே செனகலில் 1973இல் ஜிப்ரில் தியொப் மம்பெதி ‘தூக்கி பூக்கி’ எடுத்தார். மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் மாட்டுக் கொம்பைக் கட்டிக்கொண்டு, பாரிஸுக்கு ஓடிப்போகும் கனவோடு ஒரு ஜோடி நகரைச் சுற்றுகிறது. காலம் முன்னும் பின்னும் துள்ளுகிறது, ஒலி காட்சியை மீறி ஓடுகிறது. இதற்கு எத்தனை மதிப்பெண் சேர்ப்பீர்கள்? பரிதாபப்பட அதில் இடமே இல்லையே!

ஈரான் விஷயத்தில் நீங்கள் செய்வது நேரெதிர், ஆனால் அதே சோம்பல். 1979 புரட்சிக்குப் பிறகு அங்கே திரையில் தோன்றும் பெண் தலையை மறைத்திருக்க வேண்டும், கதையில் அவள் தன் வீட்டுக்குள் இருந்தாலும் சரி. பார்க்கும் நாம் அந்நியர்கள் என்பது விதியின் கணக்கு. இதைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். தெரிந்துகொண்டால், நல்ல இயக்குநர்கள் ஏன் கதையைத் தெருவுக்கும் காருக்கும் குழந்தைகளிடமும் கொண்டுபோனார்கள் என்று தெரியவரும். கியரோஸ்தமியின் ‘டென்’ (2002) முழுக்கக் காருக்குள் நடக்கிறது. அதில் ஒரு பெண் முக்காட்டை விலக்கி மழித்த தலையைக் காட்டும் கணம் எத்தகையது என்று அப்போதுதான் உறைக்கும். விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சோம்பேறித்தனமாக எடுத்த படங்களும் அப்போது அடையாளம் தெரியும். அவற்றுக்குத் தாராளமாகக் குறையுங்கள்.

தகுதி பற்றிக் கேட்டீர்கள். டிக்கெட் வாங்கி முழுதாகப் பார்த்த எவருக்கும் தகுதி உண்டு. பண்பாடு முழுக்கத் தெரிந்த பிறகுதான் பேசுவேன் என்றால் சொந்த மொழிப் படத்தைப் பற்றிக்கூட வாய் திறக்க முடியாது. தெரியாத இடத்தில் கேள்வி எழுதிவையுங்கள். நீங்கள் இவ்வளவு ஆர்வத்தோடு பார்க்கிறவர், உங்களால் முடியும்.

‘மந்தாபி’யை மறுபடியும் பாருங்கள், அதன் சொந்த வேகத்தில். எண்ணை ஒதுக்கிவிட்டு, பிடிக்காத இடங்களை ஒவ்வொன்றாக எழுதி அனுப்புங்கள். பிரசுரிக்கிறேன், பதிலும் சொல்கிறேன்.

சப்டைட்டிலோடுதான் பார்க்க வேண்டும். அந்தப் படத்தைச் செம்பேன் பிரெஞ்சிலும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் செனகல் மக்கள் பேசும் வோலோஃப் மொழியில் உள்ளதைத் தேடிப் பாருங்கள்.