பெற்றோலா, எதனோலா? மலைநாட்டு வண்டிக்காரர்களின் கேள்விகள்

ஹட்டனிலிருந்து ஒரு ஆட்டோ ஓட்டுநர்: அண்ணே, எதனோல் ஊற்றி ஓட்டினால் செலவு மிச்சமாகுமா?

பதில்: எதனோல் என்பது சாராயத்தில் இருக்கிற அதே மதுசாரம்தான், லீற்றர் விலையை மட்டும் பார்க்காதீங்க தம்பி. ஒரு லீற்றர் பெற்றோலில் 32 மெகாஜூல் சக்தி இருந்தால் எதனோலில் 21 தான். பெற்றோலில் 30 கிலோமீற்றர் போகிற வண்டி இதில் 20 போகும், அதனால் விலை மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இருந்தால்தான் லாபம். எதனோலின் ஒக்டேன் (அழுத்தத்தில் தானாகப் பற்றாமல் தாங்கும் அளவு) 100க்கு மேல் என்பது உண்மை, ஆனால் அழுத்தம் கூடிய எஞ்சினுக்குத்தான் அதனால் பயன். உங்கள் ஆட்டோ அப்படிப்பட்டதில்லை.

நுவரெலியாவிலிருந்து: விடியற்காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகுமா?

பதில்: சுத்த எதனோல் என்றால் கஷ்டம். சுமார் 13 பாகைக்குக் கீழே பற்றுகிற அளவுக்கு அது ஆவியாகாது, ஜனவரியில் உங்கள் ஊர் அதைவிடக் குளிரும். பிரேசிலில் எதனோல் கார்களுக்கு ஸ்டார்ட் பண்ணவென்றே சின்னதாக ஒரு பெற்றோல் தாங்கி வைத்தார்கள். அப்புறம் காற்றையும் எரிபொருளையும் கலக்கிற காபரேட்டர் விஷயம். பெற்றோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எதனோலுக்கு 9 போதும், அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் ஒன்றரை மடங்குக்கு மேல் போகவேண்டும். மேட்டில் காற்று குறைவு, அதிலேயே சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். உங்கள் ஊரின் 1868 மீற்றர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, அதனால் கலவையில் எரிபொருள் பத்து வீதம் அளவில்தான் கூடும், அது போதாது. ஜெட்டை (காபரேட்டரில் எரிபொருள் வரும் துளையை) மாற்றாமல் ராம்பொடை ஏற்றத்தில் ஓட்டினால் எஞ்சின் கொதித்து பிஸ்டன் போய்விடும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு அக்கா: நெருப்புப் பிடித்தால் எது ஆபத்து குறைவு?

பதில்: சிந்தினால் எதனோல் கொஞ்சம் பரவாயில்லை அக்கா. பெற்றோல் நம் ஊரின் எந்தக் குளிரிலும் பற்றும், தண்ணீர் ஊற்றினால் மேலே மிதந்து இன்னும் பரவும். எதனோல் தண்ணீரில் கரைவதால் நிறைய ஊற்றினால் அணையும். 1964இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் இரண்டு ஓட்டுநர்கள் பெற்றோல் தீயில் இறந்த பிறகுதான் அங்கே மெதனோலுக்கு, அதாவது நச்சுள்ள இன்னொரு மதுசாரத்துக்கு, மாறினார்கள். ஆனால் மெதனோல் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது, ஆள் எரிந்துகொண்டிருப்பதே பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காமல் போகும்.

கேனுக்குள் கதை வேறு. மூடிய பெற்றோல் கேனில் ஆவி அளவுக்கு மீறி நிறைந்திருப்பதால் உள்ளே பற்றுவது அரிது. எதனோல் ஆவியோ சாதாரண அறைச் சூட்டில் சரியாகப் பற்றுகிற அளவில் நிற்கும், பாதிக் கேனின் வாயில் ஒரு பொறி போதும், வெடிக்கும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசையே போகும், பிள்ளைகள் படுக்கிற இடம். தயவுசெய்து எந்த எரிபொருளையும் உள்ளே வைக்காதீங்க.

தலவாக்கலையிலிருந்து: கசிப்பு (கள்ளச் சாராயம்) ஊற்றினால் ஓடுமா?

பதில்: ஓடாது. பாதிக்கு மேல் தண்ணீர்.

ஹப்புத்தளையிலிருந்து: மெதனோல் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சக்தி பெற்றோலில் பாதி, அலுமினியத்தையும் இறப்பரையும் அரிக்கும். உறிஞ்சி டியூப்பில் இழுக்கும்போது ஒரு வாய் உள்ளே போனால் கண் பார்வை போகும், உயிரும் போகலாம், தோல் வழியாகவும் ஏறும். அப்படி யாராவது குடித்துவிட்டால் மயக்கம் வரும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, குடித்தது மெதனோல் என்று டொக்டரிடம் சொல்லுங்க.