தண்டனை எதற்காக? – கேள்வி பதில்

கேள்வி: 'செய்ததற்குத் தக்க தண்டனை' என்பதும் பழிவாங்கலும் ஒன்றுதானே ஐயா?

பதில்: பலர் அப்படி நினைக்கிறார்கள், நான் ஏற்க மாட்டேன். பழிவாங்கும் கோபத்துக்கு அளவு கிடையாது. இந்தக் கொள்கையோ குற்றத்தின் அளவைத் தாண்டாதே என்று தடுக்கிறது. ஊருக்கு நல்லது என்பதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்கக் கூடாது, அவர் குற்றம் செய்திருக்க வேண்டும் என்று ஜெர்மன் தத்துவஞானி காண்ட் வற்புறுத்தினார். நிரபராதியைச் சிறையில் போட்டால் ஊர் அடங்கும் என்ற நிலை வந்தாலும், கூடாது என்று சொல்ல நமக்கு இதுதான் துணை.

கேள்வி: கடுமையாகத் தண்டித்தால் பயம் வரும், குற்றம் குறையும். இதில் என்ன சந்தேகம்?

பதில்: பயத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம்தான். இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே இதை எழுதிவிட்டார். ஆத்திரத்திலோ போதையிலோ கை ஓங்குபவர் சட்டப்பிரிவை நினைத்துப் பார்ப்பதில்லை. திட்டமிட்டுச் செய்பவர், பிடிபட மாட்டோம் என்று நம்பித்தான் இறங்குகிறார். பத்து வருடத்தைப் பதினைந்தாக்கினால் அவர் கணக்கு பெரிதாக மாறாது.

அப்புறம், கடுமையே சில நேரம் நிச்சயத்தைக் கெடுத்துவிடும். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருட்டுக்கெல்லாம் தூக்கு இருந்தது. ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் (அந்நாட்டுப் பழைய நாணயம்) அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் மரணம். ஜூரிகள், அதாவது வழக்கில் தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட குடிமக்கள், என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளைக் காப்பாற்றுவதற்காக, பொருளின் மதிப்பு 39 ஷில்லிங்தான் என்று முடிவு சொன்னார்கள். சட்டத்தின் கொடூரமே அதை நடைமுறைக்கு வரவிடாமல் செய்தது.

கேள்வி: குற்றவாளிகள் திருந்துவார்களா, சார்?

பதில்: பலர் திருந்துகிறார்கள். படிப்பு, தொழிற்பயிற்சி, போதைக்குச் சிகிச்சை, வெளியே வந்ததும் ஒரு வேலை, இவை கிடைத்தால் வாய்ப்பு கூடும். ஆனால் 'திருந்தும்வரை உள்ளே இரு' என்று காலவரையறை இல்லாமல் வைத்தால், சின்னக் குற்றத்துக்கும் பாதி வாழ்க்கை போய்விடும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அப்படியொரு முறை இருந்து, 1970-களில் பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. தண்டனையின் உச்சவரம்பைச் செய்த குற்றம் தீர்மானிக்கட்டும், திருத்தும் வேலை அதற்குள் நடக்கட்டும் என்பது என் கருத்து.

கேள்வி: என் தம்பியை அடித்து முடமாக்கியவன் ஜெயிலில் இருக்கிறான். இந்தக் கொள்கைகளில் எங்களுக்கு எங்கே இடம்?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. மேலே சொன்னவை எல்லாம் அரசையும் குற்றவாளியையும் பற்றியே பேசுகின்றன. அந்தக் குறையைக் கையில் எடுத்ததுதான் மறுசீரமைப்பு நீதி, அதாவது பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்த இழப்பைக் குற்றவாளியே சரிசெய்ய வைக்கும் முறை. 1974-ல் கனடாவின் கிச்சனர் நகரில் ஒரு வழக்கு. பல வீடுகளைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்கள், பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்து நஷ்டத்தை ஈடுகட்டினார்கள். நியூசிலாந்து 1989-ல் சிறார் வழக்குகளுக்கு, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் கூட்டத்தைச் சட்டமாக்கியது. உங்கள் தம்பிக்கு வேண்டியது சிகிச்சைச் செலவாக இருக்கலாம், 'ஏன் செய்தாய்' என்பதற்குப் பதிலாகவும் இருக்கலாம். அதற்காகச் சந்தித்தே ஆக வேண்டும், மன்னித்தே ஆக வேண்டும் என்று யாரும் அவரை நெருக்கக் கூடாது. அவனுடைய சிறைத்தண்டனையை விட்டுக்கொடுக்கவும் தேவையில்லை. தண்டனைக் காலத்திலேயே இந்தச் சந்திப்பை நடத்தும் நாடுகள் உண்டு.