கேள்வி நேரம்: ஃபேன்டசி கால்பந்துக்குப் புதுசா?

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: சார், ஹாஸ்டலில் எல்லாரும் ஃபேன்டசி பிரீமியர் லீக் ஆடுகிறார்கள். என்னையும் சேரச் சொல்லி லீகில் நுழையும் குறியீட்டை அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது மெஸ்ஸியும் ரொனால்டோவும்தான். எங்கே ஆரம்பிப்பது?

இது இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை வைத்து ஆன்லைனில் கற்பனை அணி கட்டும் ஆட்டம். அந்த ரெண்டு பேருமே இதில் கிடைக்கமாட்டார்கள் தம்பி. மெஸ்ஸி இங்கிலாந்து லீகில் ஆடியதே இல்லை. ரொனால்டோ 2022-லேயே மூட்டை கட்டிவிட்டார். அதனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பெரிய பெயர் தெரியாதவன் விலைப் பட்டியலை ஒழுங்காகப் படிப்பான்.

கையில் 100 மில்லியன் பவுண்டு தருவார்கள், கற்பனைக் காசுதான். அதில் 15 பேரை வாங்க வேண்டும்: 2 கோல்கீப்பர், 5 டிஃபென்டர் (தடுப்பவர்), 5 மிட்ஃபீல்டர் (நடுவரிசை), 3 ஃபார்வர்டு (முன்வரிசை). ஒரே கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் எடுக்க முடியாது. வாராவாரம் 11 பேர் களத்தில், 4 பேர் பெஞ்சில். நிஜ மேட்சில் அவர்கள் செய்வதற்கெல்லாம் உங்கள் கணக்கில் பாயின்ட் ஏறும், சில சமயம் இறங்கும்.

எல்லாரும் முதலில் நார்வே வீரர் ஹாலண்டைத்தான் தேடுவார்கள். தப்பில்லை, 2022-23-ல் 36 கோல் போட்ட மனுஷன். ஆனால் 2024-25 தொடக்கத்தில் அவர் விலை 15 மில்லியன். மீதி 85-க்கு 14 பேர் வாங்கினால் ஆளுக்கு 6 சொச்சம்தான் வரும். இன்னும் ரெண்டு நட்சத்திரத்தைப் பக்கத்தில் வைக்க ஆசைப்பட்டால் மற்ற இடங்களுக்குச் சில்லறைதான் மிஞ்சும். அதனால் பெஞ்சில் சிக்கனம் பிடியுங்கள். 4.0-க்கு ஒரு கோல்கீப்பர், 4.0-க்கு ரெண்டு டிஃபென்டர், 4.5-க்கு ஒரு மிட்ஃபீல்டர் கிடைத்தால் 16.5-ல் பெஞ்ச் முடிந்தது. அதிலும் ஒருவராவது நிஜமாகவே களமிறங்குகிறவராக இருக்கட்டும். நாலு பேரும் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தால் காயம் வரும் வாரத்தில் கை பிசைய வேண்டியதுதான்.

இன்னொன்று, ஒருவர் மைதானத்தில் எங்கே நிற்கிறார் என்பது வேறு, பட்டியலில் அவரை எந்த வகையில் போட்டிருக்கிறார்கள் என்பது வேறு. ஃபார்வர்டு கோல் போட்டால் 4 பாயின்ட், மிட்ஃபீல்டருக்கு 5, டிஃபென்டருக்கு 6. லிவர்பூலுக்கு ஆடிய சலா 2024-25-ல் 29 கோல் போட்டார், 18 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்யும் பாஸ்) கொடுத்தார், 344 பாயின்ட் சேர்த்து ஃபேன்டசியில் அதுவரை இருந்த சாதனையை உடைத்தார். ஆடியது முன்வரிசையில், பட்டியலில் மிட்ஃபீல்டர். கோல் கணக்கில் மட்டுமே 29 பாயின்ட் கூடுதல்! இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு சீசனிலும் ஓரிருவர் இருப்பார்கள், தேடுங்கள்.

டிஃபென்டர்களை ஒப்புக்கு வாங்காதீர்கள். அணி கோல் வாங்காமல் தப்பினால், அதாவது கிளீன் ஷீட் என்றால், 4 பாயின்ட். 2025-26-லிருந்து புதுச் சலுகை ஒன்றும் உண்டு: ஒரே மேட்சில் டேக்கிள், கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன் என்று பந்தைப் பறிக்கும், தடுக்கும் வேலை எல்லாம் கூட்டி 10 வந்தால் டிஃபென்டருக்கு 2 பாயின்ட். மேட்ச் முழுக்க அடி வாங்கிக்கொண்டே இருக்கும் கீழ்வரிசை அணியின் சென்டர் பேக்குக்குக்கூட (நடுவில் நிற்கும் டிஃபென்டர்) இப்போது மதிப்பு வந்துவிட்டது. 4.5-க்குள் அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பெயர் வேண்டாம், தஞ்சாவூர்: ஐயா, என் பையன் வெள்ளிக்கிழமை ராத்திரி 11 மணிக்குப் போனும் கையுமாக உட்கார்ந்து "டெட்லைன், டெட்லைன்" என்கிறான். இது சூதாட்டமா? பணம் போகுமா?

பயப்படாதீர்கள் அம்மா. இது பிரீமியர் லீகே நடத்தும் இலவச ஆட்டம். சேரவும் காசு இல்லை, தோற்றாலும் காசு போகாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்ததே, அந்த வகை வேறு. பசங்கள் தங்களுக்குள் தலைக்கு இத்தனை என்று பந்தயம் கட்டியிருக்கிறார்களா என்பதை மட்டும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

11 மணிக்குக் காரணம் இருக்கிறது. வாரத்தின் முதல் மேட்ச் தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது அணியைப் பூட்டிவிடுவார்கள். இங்கிலாந்தில் வெள்ளி இரவு 8 மணி மேட்ச் என்றால் டெட்லைன் அவர்களுக்கு 6.30, நமக்கு 11. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அப்புறம் அதே டெட்லைன் நமக்கு நள்ளிரவு 12 மணி ஆகிவிடும், மார்ச் கடைசி வரைக்கும். சனிக்கிழமை மதியம் முதல் மேட்ச் வரும் வாரங்களில் 3.30 அல்லது 4.30-க்கே முடிந்துவிடும். வெள்ளி சாயங்காலமே அணியைச் சேமித்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

வங்கி ஊழியர், கோவை: மூன்றாவது வாரத்துக்குள் டிரான்ஸ்ஃபரிலேயே, அதாவது ஆளை விற்று வேறு ஆள் வாங்குவதிலேயே, 12 பாயின்ட் இழந்துவிட்டேன். போன வாரம் என் மிட்ஃபீல்டர் 89-ஆவது நிமிடத்தில் இறங்கி 1 பாயின்ட் வாங்கினார். பெஞ்சில் இருந்தவருக்கு 14! ஏன் சார் மாற்றிக் கொடுக்கவில்லை?

வயிற்றெரிச்சல் புரிகிறது. பெஞ்சிலிருந்து ஆள் தானாக வர வேண்டுமானால், களத்தில் வைத்தவர் ஒரு நிமிடம்கூட ஆடியிருக்கக் கூடாது. 89-ல் இறங்கினாலும் ஆடியதாகத்தான் கணக்கு. அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கோலைப் பார்க்கும் முன் நிமிடத்தைப் பாருங்கள். கடைசி நாலைந்து மேட்சில் 60 நிமிடம் தாண்டினாரா? தாண்டினால் சும்மா ஓடியதற்கே 2 பாயின்ட். வாரத்தின் நடுவில் ஐரோப்பியக் கோப்பை ஆடும் பெரிய அணிகளில் அடிக்கடி ஆளை மாற்றுவார்கள். அங்கே கவனம்.

அந்த 12-க்கு வருவோம். வாரம் ஒரு டிரான்ஸ்ஃபர் இலவசம், கூடுதலாக ஒவ்வொன்றுக்கும் 4 பாயின்ட் வெட்டு. பயன்படுத்தாமல் விட்டால் 5 வரை சேரும். நேற்று ஹாட்ரிக் போட்டவனை இன்று வாங்குவது, நாளை அவன் சொதப்பியதும் விற்பது, இதுதானே நடந்தது? வாங்குவதற்கு முன் அடுத்த நாலு மேட்ச் யாரோடு என்று பாருங்கள். கேப்டனுக்கும் அதே விதிதான்: அவர் பாயின்ட் இரட்டிப்பாகும், ஆகவே தன் சொந்த மைதானத்தில் பலவீனமான அணியோடு ஆடும், பெனால்டியும் அடிக்கும் ஆளைப் போடுங்கள். கேப்டன் ஆடவே இல்லையென்றால் அந்த இரட்டிப்பு துணைக் கேப்டனுக்குப் போகும். துணைக் கேப்டனை வேறு அணியிலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் அந்த மேட்ச் தள்ளிப்போகும்போது ரெண்டு பேரும் சேர்ந்தே போய்விடுவார்கள்.

நிலைமை கை மீறினால் வைல்டுகார்டு இருக்கிறது, மொத்த அணியையும் வெட்டில்லாமல் மாற்றலாம். பாதி சீசனுக்கு ஒன்று. மூன்றாவது வாரத்திலேயே அதை உடைக்காதீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஆறேழு வாரம் போகட்டும்.

ஆசிரியை, மதுரை: மேட்ச் பார்க்காமலே ஜெயிக்க முடியுமா?

எங்கள் குடும்ப லீகில் (எங்களுக்குள் மட்டும் பாயின்ட் ஒப்பிடும் போட்டி) என் அக்கா மகள் ஒரு மேட்சும் பார்ப்பதில்லை, ஆஃப்சைடு என்றால் என்னவென்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை டீ குடிக்கும்போது அணிப் பக்கத்தைத் திறப்பாள், பெயருக்குப் பக்கத்தில் காயத்தையோ தடையையோ காட்டும் மஞ்சள், சிவப்புக் கொடி இருக்கிறதா என்று பார்ப்பாள், இருந்தால் அந்த ஒருவரை மட்டும் மாற்றுவாள், மூடிவிடுவாள். விடிய விடிய மேட்ச் பார்க்கும் என் மச்சான் அவளுக்குக் கீழேதான் இருக்கிறார். அவர் ஆர்சனல் ரசிகர். மூன்று இடமும் எப்போதும் ஆர்சனலுக்கே போகும், பரம எதிரியான டோட்டன்ஹாம் ஆளைத் தொடமாட்டார்.

வாசகர், யாழ்ப்பாணம்: சீசன் பாதியில் சேரலாமா?

தாராளமாக. முதல் டெட்லைன் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், வெட்டு கிடையாது. உலகப் பட்டியலில் மேலே வருவது கஷ்டம், போன வாரங்களின் பாயின்ட் கிடைக்காதே. ஆனால் நண்பர்களோடு தனி லீக் தொடங்கும்போது எந்த வாரத்திலிருந்து பாயின்ட் எண்ண வேண்டும் என்று கேட்கும். அதில் வரப்போகும் வாரத்தைப் போட்டுவிட்டு நண்பர்களுக்குக் குறியீட்டை அனுப்புங்கள்.