செட்ரிசின் போட்டால் பல் நகராதா?

பனி தொடங்கும் மாதங்களில் என் கிளினிக்கில் இது வாடிக்கை. கம்பியை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை கையைத் தூக்கும், நான் சட்டென்று பின்வாங்குவேன், ஒரு பெரிய தும்மல் வரும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அலர்ஜியையும் க்ளிப்பையும் பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் மகனுக்கு 13 வயது. தூசி அலர்ஜிக்காகத் தினமும் இரவு செட்ரிசின் போடுகிறான். க்ளிப் மாட்டி எட்டு மாதம் ஆகிறது. அந்த மாத்திரை போட்டால் பல் நகராது என்கிறார் ஒரு உறவினர். நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் உறவினர் சொன்னது முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை.

பல்வேர் எலும்போடு ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே, சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில், மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் அந்தத் திசு நசுங்கும். எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே வந்து சேரும். மறுபக்கம் திசு இழுபட, அங்கே புது எலும்பு வளரும். இந்த வேலையைத் தொடங்கி வைப்பது லேசான அழற்சி. புரோஸ்டாகிளாண்டின் போன்ற சில ரசாயனங்கள் அதை நடத்துகின்றன. மூக்கில் தும்மலையும் தோலில் அரிப்பையும் கொண்டுவரும் ஹிஸ்டமினுக்கும் அதில் ஒரு கை உண்டு. அந்த ஹிஸ்டமினின் வேலையைத் தடுப்பதுதான் செட்ரிசின்.

எலிகளின் பல்லில் விசை கொடுத்து, கூடவே செட்ரிசினும் கொடுத்துப் பார்த்தபோது பல் நகர்வது குறைந்தது உண்மை. ஆனால் எலிக்கு நடந்தது உங்கள் பையனுக்கும் அதே அளவில் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. பொதுவாக மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். நான் பார்த்தவரை, நகராத பல்லுக்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரை அல்ல, முறுக்கு. அதைக் கடித்து, பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் பெயர்ந்திருக்கும், மூன்று வாரம் கழித்துத்தான் வருவார்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பல் கிளினிக் படிவத்தில் 'வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா' என்ற இடத்தில் நிறையப் பேர் 'இல்லை' என்று எழுதுகிறார்கள். வருடக்கணக்கில் போடும் அலர்ஜி மாத்திரை அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை! மாத்திரை அட்டையையே எடுத்துக்கொண்டு போய், க்ளிப் போட்ட மருத்துவரிடம் காட்டுங்கள். மகனுக்கு அது தினமும் வேண்டுமா, தும்மல் வரும் பருவத்தில் மட்டும் போதுமா என்பதை அதை எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்லட்டும்.

மாத்திரை போட்டால் வாய் காய்ந்துபோகிறது. பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரிகின்றன. சம்பந்தம் உண்டா?

உண்டு. பல் மெதுவாக நகருமோ என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. எச்சில்தான் பல்லின் காவல்காரன். அலர்ஜி மாத்திரை அதைக் குறைக்கும்; அவில் போன்ற பழைய வகைகள் இன்னும் அதிகமாகவே குறைக்கும். தூங்கும்போது எச்சில் எப்படியும் குறைவு. பிராக்கெட் ஓரத்தில் அழுக்கும் தங்கினால் எனாமலின் தாது கரையத் தொடங்கும். நீங்கள் பார்க்கும் வெள்ளைத் திட்டு சொத்தையின் முதல் படி. இரவில் ஃபுளோரைடு பேஸ்ட்டால் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். வாய் காய்கிறதே என்று மிட்டாய் சப்புவதை நிறுத்துங்கள். குழந்தைக்கு மாத்திரைக்குப் பதில் இனிப்பு சிரப் என்றால், அதைக் கொடுத்துவிட்டுப் பல் தேய்க்க வையுங்கள். பல பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கவரிங் தோடு போட்டால் எனக்குக் காது புண்ணாகிவிடும். க்ளிப் போடலாமா?

நல்லவேளை, முன்னாடியே கேட்டீர்கள். இது பெரும்பாலும் நிக்கல் அலர்ஜி. ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில் வயிற்றில் அரிப்பு வருவதும் அதே கதைதான். ஸ்டீல் பிராக்கெட்டில் நிக்கல் சுமார் 8 சதவீதம். ஆரம்பத்தில் போடும் நிக்கல்-டைட்டானியம் கம்பியில் ஏறக்குறைய பாதி. ஆனாலும் தோலைப்போல வாயின் உட்புறம் சுலபத்தில் எரிச்சல் காட்டாது. காதில் புண் வருகிறவர்களில் பலர் சாதாரண க்ளிப்பையே தாங்கிக்கொள்கிறார்கள். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் அலர்ஜி சோதனை) செய்துகொண்டு வாருங்கள். நிக்கல் அலர்ஜி உறுதியானால் செராமிக் அல்லது டைட்டானியம் பிராக்கெட், பீட்டா டைட்டானியம் கம்பி, இல்லையென்றால் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் என்று வழிகள் இருக்கின்றன.

பலூன் ஊதினால் உதடு வீங்குமா என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள். அது லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) அலர்ஜி. அப்படியென்றால் என் கையுறையிலிருந்து க்ளிப்பில் மாட்டும் ரப்பர் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். லேடெக்ஸ் இல்லாத ரப்பர் சீக்கிரம் தளர்ந்துவிடும், அடிக்கடி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கம்பி முறுக்கிய அன்று வலி தாங்கவில்லை. எந்த மாத்திரை?

பாராசிட்டமால். ஐபுப்ரோஃபென் வகை, பல் நகர உதவும் புரோஸ்டாகிளாண்டினையே தடுக்கும்; ஓரிரு நாளுக்குக் குடிமுழுகாது, தொடர்ந்து போட வேண்டாம்.

எட்டு வயது மகள் எப்போதும் மூக்கடைப்பு, வாயால்தான் மூச்சு. முன்பல் தூக்கலாக இருக்கிறது. இப்போதே க்ளிப் போட்டால் சரியாகுமா?

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வாயைத் திறந்தே வைத்திருந்தால் நாக்கு மேல் அண்ணத்தில் படியாமல் கீழே கிடக்கும். கன்னத் தசை இருபுறமும் அழுத்த, மேல்தாடை குறுகி அண்ணம் குழிந்துபோகலாம். தாடையை அகலப்படுத்தும் கருவி இந்த வயதில் நன்றாக வேலை செய்யும், மூக்கின் வழியும் சற்று விரியும். ஆனால் அது அலர்ஜிக்கு மருந்து ஆகாது. மூக்கு அடைத்தே இருந்தால், சிரமப்பட்டு நேராக்கிய பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.

ஆஸ்துமா இருக்கிறது, இன்ஹேலர் எடுக்கிறேன். பல்வேர் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

க்ளிப் போடுகிற எல்லாருக்குமே வேர் நுனி லேசாகக் குறையும். பெரும்பாலும் தொந்தரவு தராத அளவுதான். ஆஸ்துமா, அலர்ஜி இருப்பவர்களுக்குக் கூடுதலாகக் குறைகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில வித்தியாசமே இல்லை என்கின்றன. அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு நான் மென்மையான விசையில் தொடங்கி, ஆறாவது மாதம் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவேன். வேர் குறைவது தெரிந்தால் இரண்டு மூன்று மாதம் கம்பியை முறுக்காமல் ஓய்வு. இன்ஹேலரை விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால், இழுத்த கையோடு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும்.